தலை இருந்தால்தான் ஒன்று

துறைமுகத்தில் அவளுக்குப் புழு அக்கா என்று பெயர். மீன் இறக்கும் மேடையில் யாரோ கேலிக்கு வைத்தது. இப்போது தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீட்டுக்கு வழி கேட்கிறார். அவளும் முகம் கோணாமல் திரும்பிப் பார்ப்பாள். "புழு எண்ணுறவளை வேற என்னன்னு கூப்பிடுவாங்க, பூ அக்கான்னா?" என்பாள்.

கடல் ஆய்வு நிலையத்தின் பின்பக்கம் ஒரு நீண்ட அறை. ஜன்னலோரமாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு நுண்ணோக்கி, ஒரு வெள்ளைத் தட்டு, நுனி கூரான இரண்டு இடுக்கிகள். கடலடியிலிருந்து அள்ளிவந்த சேற்றைச் சலித்து, சல்லடையில் தங்கியதை ஜாடியில் போட்டு, உயிர்கள் மட்டும் சிவந்து தெரிய ஒரு சாயம் ஊற்றி வைத்திருப்பார்கள். அந்த ஜாடிகள் இந்த அறைக்கு வரும். மணலுக்கும் சிப்பித் தூளுக்கும் நடுவே சிவப்பாகக் கிடப்பதையெல்லாம் பொறுக்கி, வகை வகையாகப் பிரித்து எண்ணுவதுதான் புழு அக்காவின் வேலை. புழு, சிப்பி, நத்தை, நண்டுக் குஞ்சு, நட்சத்திர மீன் என்று எல்லாம் இருக்கும். பெரும்பாலானவை அரிசியைவிடச் சிறியவை. சில எள்ளைவிடச் சிறியவை.

இதற்கு முன் அவள் இறால் உரிக்கும் கொட்டகையில் இருந்தாள். பேச்சு ஒரு பக்கம் ஓட, கை தன்பாட்டில் உரித்துத் தள்ளும். ஆய்வு நிலையத்துக்கு ஆள் எடுக்க வந்த மேடம் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டார். நிலையத்தின் தலைவியான அவர், அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒவ்வோர் உயிருக்கும் வாயில் நுழையாத பெயர்களைச் சொல்லித் தந்தார். புழு அக்கா அவற்றைக் கேட்டுக்கொண்டாள். கூடவே தன் பங்குக்கும் பெயர் வைத்தாள். இரண்டு பக்கமும் முடி வரிசை உள்ளது சீப்பன். மணலை ஒட்டித் தனக்குத் தானே குழாய் கட்டிக்கொண்டு அதற்குள் இருப்பது வீட்டுக்காரன். நடுவில் பொத்தான் போல ஒரு தட்டும் சுற்றிலும் நூல் போல ஐந்து கைகளும் உள்ள நட்சத்திரத்துக்குத் தொட்டாச்சிணுங்கி. தொட்டால் கையை உதிர்த்துவிடும் என்பதால் அந்தப் பெயர். நாளடைவில் மேடமே, "இந்த ஜாடியில வீட்டுக்காரன் எத்தனை?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அறைக்கு ஒரு சட்டம் உண்டு. புழு எளிதில் அறுந்துபோகும். ஒன்று மூன்று துண்டாகக் கிடக்கும். மூன்றையும் எண்ணினால் இல்லாத புழு இரண்டு முளைத்துவிடும். அதனால் தலை இருந்தால்தான் ஒன்று. வாலும் வயிறும் எத்தனை கிடந்தாலும் கணக்கில்லை. தொட்டாச்சிணுங்கிக்கு நடுத்தட்டுதான் தலை. கைகளை எண்ணக் கூடாது. தலை இல்லாத துண்டுகளைத் தனி ஜாடியில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். புதிதாக வந்த பெண் யாராவது ஆர்வத்தில் துண்டைத் தூக்கிக் காட்டினால், புழு அக்கா நிமிராமலே, "தலை எங்க?" என்பாள். காலையில் தூக்கக் கலக்கத்தோடு வருகிறவர்களுக்கும் அதே கேள்விதான்.

அந்த ஆண்டு நிலையத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஊருக்கு நேரே, கண்ணுக்கெட்டும் தூரத்தில், இழுவைப் படகுகள் ஆண்டாண்டுகளாக மடி இழுக்கிற கடல் இருக்கிறது. மடி என்பது பை போன்ற பெரிய வலை. அதன் அடியில் கனத்த சங்கிலி கட்டி, கடல்தரையை உரசிக்கொண்டே இழுப்பார்கள். தரையில் வாழும் உயிர்களுக்கு அதனால் என்ன ஆகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதை வைத்து அந்தக் கடலை மூடுவதா வேண்டாமா என்று மீன்வளத் துறை முடிவு செய்யும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் இடமும் தேவைப்பட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு பழைய சரக்குப் படகு மூழ்கிக் கிடக்கிறது. மடி சிக்கும் என்று யாரும் அங்கே போவதில்லை. அங்கிருந்தும் சேறு எடுத்தார்கள்.

முடிவு பளிச்சென்று வந்தது. மூழ்கிய படகின் பக்கம் எடுத்த ஜாடிகளில் தொட்டாச்சிணுங்கியும் வீட்டுக்காரனும் இன்னும் பல வகையும் இருந்தன. மடி இழுக்கிற இடத்து ஜாடிகளில் சீப்பன், சீப்பன், மறுபடி சீப்பன். எண்ணிக்கைக்குக் குறைவில்லை, வகைதான் இல்லை. மென்மையான உயிர் ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. மேடம் அறிக்கை எழுதினார். மென்மையான உயிர்கள் அங்கே அடியோடு அழிந்துவிட்டன என்று அதில் இருந்தது.

சேதி துறைமுகத்துக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அன்று மாலையே புழு அக்காவின் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் இழுவைப் படகு ஓட்டுகிறவன். படகில் பாதி அவனுடையது. மற்றவர்களைப் போல ஆழ்கடலுக்குப் போகிற பெரிய எஞ்சின் அவனிடம் இல்லை. ஊருக்கு நேரே உள்ள அந்தக் கடலை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான். "ஏன்க்கா, உலகத்துல வேற ஒண்ணுமே எண்ண கிடைக்கலயா உனக்கு?"

"உள்ள வாடா. டீ போடுறேன்."

"டீ வேணாம். நீ எண்ணுற புழுவுக்கு ஓட்டு இருக்கா, ரேஷன் இருக்கா? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. அதையும் தலையிருக்கான்னு பாத்து எண்ணிக்கோ."

"நான் இருக்கறத எண்ணினேன். கடலை மூடச் சொல்லி எழுதினது நானில்ல."

"கத்தி நான்தான் தீட்டினேன், வெட்டினது நானில்லங்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவன், அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

அன்று பேசியதில் அவளுக்கு உறைத்தது பிள்ளைகள் பேச்சல்ல. இருக்கிறதை எண்ணினேன் என்று தான் சொன்னதுதான் உள்ளே ஒரு முள்ளாக நின்றது. இருந்ததை எல்லாம் எண்ணினோமா? மறுநாள் அலமாரியைத் திறந்து, மடி இழுக்கிற இடத்துத் துண்டு ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் கொட்டினாள். தலை இல்லை என்று ஒதுக்கியவற்றை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அவளும் இதுவரை பார்த்ததில்லை.

தட்டில் நூல் நூலாகக் கைகள் கிடந்தன. தொட்டாச்சிணுங்கியின் கைகள். நடுத்தட்டு மட்டும் எங்கேயும் இல்லை. ஒரு கையை எடுத்து, முறிந்த இடத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். தொட்டாச்சிணுங்கிக்குக் கை போனால் மறுபடி முளைக்கும். உயிரோடு முறிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தால் அங்கே மெல்லிய புதுக் குருத்து இருக்க வேண்டும். வெறுமனே செத்துக் கிடந்ததென்றால் தசை கரைந்து, எலும்பு போன்ற வில்லைகள்தான் மிஞ்சியிருக்கும். இது இரண்டுமில்லை. முறிவு பச்சையாக இருந்தது. சாயம் தசையில் நன்றாக ஏறியிருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

கடலில் முறிந்ததல்ல. சேற்றை அள்ளிய பிறகு முறிந்தது.

இந்த முறை ஆள் போதாததால் சேற்றைச் சலித்ததும் அவள்தான். மூழ்கிய படகின் பக்கம் மணல் கலந்த சேறு. தொட்டித் தண்ணீரில் சல்லடையை வைத்து லேசாக ஆட்டினாலே கரைந்து இறங்கிவிடும். மடி இழுக்கிற இடத்தில் பசை போல ஒட்டுகிற களி. ஆட்டினால் அசையாது. அதனால் குழாயின் வாயைப் பெருவிரலால் அழுத்தித் தண்ணீரைச் சீறவிட்டாள். கொட்டகையில் அப்படித்தான் கழுவுவார்கள். தண்ணீரைச் சீறவிட்டு இறால் கூடையை ஒரே வீச்சில் பளிச்சென்று ஆக்குகிறவள்தான் அங்கே கெட்டிக்காரி. இறால் தாங்கும். பொத்தான் போன்ற அந்த நடுத்தட்டு தாங்குமா? நொறுங்கிச் சல்லடைக் கண் வழியாகப் போயிருக்கும். கை மட்டும் நீளமாக இருந்ததால் மாட்டிக்கொண்டது.

மடி அழித்ததா, தன் பெருவிரல் அழித்ததா? இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த ஜாடிகளால் முடியாது.

வீட்டில் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐஸ் ஆலையில் எஞ்சின் பார்க்கிறவர். எதையும் அவசரமில்லாமல் கேட்பார். முழுதும் கேட்டுவிட்டு, "சொன்னா உன் பேரு கெடும். சொல்லலைன்னா உன் தம்பி பொழப்பு கெடும். நல்லா வந்து மாட்டுன போ" என்றார்.

"யாரு கெட்டாலும் அப்புறம் பாக்கலாம். சேறு மறுபடி எடுக்கணும்ங்க. அதான் இப்போ வேலை."

"அப்போ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டு என்கிட்ட கதை சொல்ற."

"நீங்க ஊம் கொட்டுனா எனக்குத் தெளிவா யோசனை வருது."

மறுநாள் மேடம் அந்தத் தொட்டாச்சிணுங்கிக் கைகளைப் பார்த்தார். முறிவுகளைப் பார்த்தார். வெகுநேரம் நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எல்லா ஜாடியும் இப்படியா அக்கா?"

"களி மண்ணு ஜாடி எல்லாம் மேடம்."

"குழாயைப் பயன்படுத்தினீங்கன்னு எனக்கும் தெரியும். நான் அங்கதான் நின்னேன். எனக்கும் உறைக்கல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறிக்கையை நிறுத்தி வைக்கறேன். ஆனா இதப் பத்தி மீன்வளத் துறை போட்டிருக்கற கூட்டம் தள்ளிப் போகாது. நம்ம போட் எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்காங்க. எதுல போய்ச் சேறு எடுப்பீங்க?"

"என் தம்பி போட்டுல."

மேடம் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்தார். "அவர் உங்களைக் கடல்ல தள்ளிவிட்டுட மாட்டாரே?"

"தள்ளுனா சேறு எடுத்துக்கிட்டே மேல வரேன்."

தம்பி படகுத்துறையில் கிழிந்த மடியைத் தைத்துக்கொண்டிருந்தான். அக்கா வருவதைப் பார்த்ததும் ஊசியை வேகமாக ஓட்டினான். அவள் பக்கத்தில் இருந்த மிதவை ஒன்றின் மேல் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள்.

ஊசி நின்றது. "அப்போ கணக்கு தப்பு?"

"தப்பா இருக்கலாம்."

"தப்புன்னு எழுதிக் குடு. முடிஞ்சுது."

"எவ்வளவு தப்புன்னு தெரியாம என்னத்த எழுத? மறுபடி எடுக்கணும். உன் போட் வேணும். ஒரு நாள்."

"எனக்குச் சாதகமா வரும்னு சொல்லு, இப்பவே கிளம்பலாம்."

"வர்றதுதான்டா வரும். அதுக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீ பக்கத்துல நின்னு பாரு. எடுக்கறது, சலிக்கறது எல்லாம் உன் கண்ணு முன்னாடி. நாளைக்கு யாரும் புழு அக்கா புளுகுனான்னு சொல்லக் கூடாது. நீயும் சொல்லக் கூடாது."

அவன் யோசித்தான். தப்பு தன் கையில்தான் என்று அவளே ஒத்துக்கொண்டாள். சரியாகச் சலித்தால் உயிர் கிடைக்காமல் எங்கே போகும்? "சரி வா" என்றான். "வாந்தி எடுத்தா என்னைக் குத்தம் சொல்லாதே."

விடிந்ததும் கிளம்பினார்கள். மேடமும் வந்தார். மடியைச் சுற்றி இழுக்கும் விஞ்சு எந்திரத்தில், சேற்றை அள்ளும் இரும்புக் கவ்வியைக் கட்டியிருந்தார்கள். இரண்டு உள்ளங்கை சேர்ந்தது போன்ற கருவி அது. தரையைத் தொட்டதும் மூடிக்கொள்ளும். முதல் கவ்வு மேலே வந்ததும் புழு அக்கா சேற்றைத் தொட்டியில் கொட்டி, கடல்நீர் ஊற்றி, ஊறவிட்டாள். பிறகு சல்லடையைத் தண்ணீரில் பாதி மிதக்கவிட்டு, தொட்டில் ஆட்டுவது போல ஆட்டினாள். களி இறங்குவதாகத் தெரியவில்லை.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "இப்படி ஆட்டுனா அடுத்த மழைக்குத்தான் கரை சேருவோம். அந்தக் குழாயைத் திறக்கவா?"

"கையை வெச்சே, விரலை ஒடிச்சிடுவேன்."

அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள். தோள் வலித்தது, கை மாற்றினாள். தண்ணீர் கலங்கியது, மாற்றினாள். வாந்தி வந்தது, ஓரத்துக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில் சல்லடைக் கம்பியின் மேல் சீப்பன்கள் நெளிந்தன. அவற்றுக்கு நடுவே, ஐந்து கையும் முழுதாக, ஒரு தொட்டாச்சிணுங்கி.

"இருக்குல்ல! இருக்குல்ல!" தம்பி படகே ஆடும்படி குதித்தான். "அடியோட அழிஞ்சு போச்சுன்னு எழுதுனீங்களே மேடம், இதோ கையை ஆட்டி உங்களைக் கூப்பிடுது பாருங்க!"

"அந்த வார்த்தை தப்புதான்" என்றார் மேடம். "அதை எடுத்துடறேன்."

அங்கங்கே நிறுத்தி அள்ளினார்கள். ஒவ்வொன்றையும் அதே போல ஊறவிட்டு ஆட்டினாள். சிலதில் ஒரு தொட்டாச்சிணுங்கி. பலதில் சீப்பன் மட்டும். தம்பிக்கு அது போதவில்லை. இன்னும் ஓங்கி அடிக்க வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டது.

"இதெல்லாம் என்ன! நான் ஒரு இடம் காட்டுறேன், வா. இதே கடல், இதே களி. சந்தேகம்னா நக்கிப் பாரு" என்று படகைத் திருப்பினான். எஞ்சின் அறைக்கு மேலிருந்த, படகு போன வழியைக் காட்டுகிற கருவியின் திரையில், அவன் மடி இழுத்த தடங்கள் கோடு கோடாக அப்பிக் கிடந்தன. அவற்றினிடையே ஒரு சின்ன இடைவெளியில் நிறுத்தினான்.

கவ்வி மேலே வந்தது. அதே களி, அதே நிறம், அதே பசை. புழு அக்கா விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினாள். ஊறவிட்டாள். ஆட்டினாள். இந்த முறை களி இறங்க இறங்கச் சல்லடை நிறைந்துகொண்டே போனது. தொட்டாச்சிணுங்கிகள் ஒன்றின் மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. வீட்டுக்காரன்கள் குழாயோடு நின்றன. இறகு போல ஒன்று, சேற்றில் ஊன்றிய காம்போடு வந்திருந்தது. விரல்நுனி அளவில் ஒரு கடல் அட்டை. மயிர் போன்ற முள் போர்த்த உருண்டை ஒன்று. அவள் இதுவரை பெயரே வைக்காத இரண்டு மூன்று.

"இப்போ என்ன சொல்றீங்க?" தம்பியின் முகம் மின்னியது. "எவ்வளவு வகை! இதுவும் நம்ம கடல்தான்!"

புழு அக்கா சல்லடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இங்க மடி போடுவியா நீ?"

"பைத்தியமா? கீழ கப்பல் நங்கூரச் சங்கிலி கிடக்கு. அப்பா காலத்துல இருந்து யாரும் இங்க மடி..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

எஞ்சின் மட்டும் தடதடத்தது. மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். புழு அக்கா லேசாகத் தலையசைக்கவும் அடங்கிக்கொண்டார். தம்பி திரையைப் பார்த்தான். அப்பிக் கிடந்த கோடுகளை, நடுவில் இருந்த அந்த ஓட்டையை, மறுபடி கோடுகளை. பிறகு வந்து சல்லடையின் பக்கத்தில் குந்தினான். இறகு போன்றதை ஒரு விரலால் தொட்டான். அது மெல்லச் சுருங்கியது.

"இது எங்க தடத்துலயும் இருந்திருக்குமா?"

"தெரியலடா. இதே களிதானே."

"இன்னும் ரெண்டு இடம் இருக்கு, சங்கிலி ஓரமா" என்றான், எழுந்துகொண்டே. "ஒரு கவ்வுல என்ன தெரியும்? எடுக்கறதுன்னா ஒழுங்கா எடு."

அந்த ஜாடிகளைப் புழு அக்கா யாரிடமும் கொடுக்கவில்லை. தானே எண்ணினாள். பழைய ஜாடிகள் எதையும் கணக்கில் சேர்க்கவில்லை. மூழ்கிய படகின் பக்கத்து ஜாடிகளும் ஒதுங்கின. மணலையும் களியையும் ஒப்பிட்டதே சரியில்லை என்று மேடம் சொல்லிவிட்டார். ஒரே களியில் மடி பட்ட இடமும் படாத இடமும்தான் இத்தனை நாளாக அவர் தேடியது. அப்படி ஓரிடம் இருப்பதை மடி இழுக்கிறவன்தானே அறிவான்.

கூட்டம் துறைமுக மண்டபத்தில் நடந்தது. படகுக்காரர்கள் பின்வரிசைகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எழுதியது தவறு என்று மேடம் ஆரம்பித்ததும் ஒரே விசில். "புழு அக்காவுக்குத் தலை இல்ல, எண்ணாதீங்க!" என்று ஒருவன் கத்தினான். மண்டபம் சிரித்தது. புழு அக்கா எழுந்தாள்.

"குழாயைச் சீறவிட்டது நான்தான். அதனால மறுபடி எடுத்தோம். மடி தடத்துல இன்னும் உயிர் இருக்கு. அழிஞ்சு போகல. ஆனா கொஞ்சம்தான், வகையும் குறைச்சல். அதே களியில, மடி படாத இடத்துல நிறைய இருக்கு. இதான் கணக்கு."

"யாரு பாத்தா? எங்க எடுத்தீங்களோ, எதைக் கழுவுனீங்களோ!"

அவள் தம்பி இருந்த பக்கம் திரும்பவில்லை. அவனிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை. பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நான் பாத்தேன்" என்றான் தம்பி. "என் போட்டுலதான் எடுத்தாங்க. சங்கிலி ஓரம் கூட்டிட்டுப் போனது நான். குழாயைத் திறக்கறேன்னதுக்கு விரலை ஒடிப்பேன்னு சொன்னா."

விசில் அடித்தவர்கள் அடங்கினார்கள். எல்லோருக்கும் அந்தச் சங்கிலி தெரியும். எல்லோரும் அதைச் சுற்றித்தான் போவார்கள்.

கடலை முழுதாக மூடவில்லை. சங்கிலி கிடக்கும் வடபாதியில் மட்டும் சில ஆண்டுகள் மடி இழுக்கக் கூடாது, பிறகு மறுபடி சேறு எடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. தம்பிக்குப் பாதிக் கடல் போயிற்று. மண்டபத்து வாசலில் அவனுடைய கூட்டாளிகள் அவன் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனார்கள். அக்காவும் தம்பியும் தெருமுனை வரை சேர்ந்து நடந்தார்கள்.

அங்கே நின்று, "அந்தப் பாதியில எல்லாம் திரும்பி வருதான்னு நான் பாப்பேன்" என்றான். "வரலைன்னா உன்னை விட மாட்டேன்."

"வந்து பாரு. யாரு வேணாம்னா?"

விளையாட்டுக்குச் சொன்னான் என்றுதான் நினைத்தாள். மூடிய பாதியிலிருந்து முதல் சேறு வந்த அன்று, உப்பு காயாத சட்டையோடு அவன் எண்ணும் அறையின் வாசலில் வந்து நின்றான். அவள் ஓர் இடுக்கியையும் ஒரு தட்டையும் அவன் பக்கம் தள்ளினாள். நாற்காலி அவன் பாரத்தில் முனகியது. கயிறு பிடித்துக் காய்ப்பேறிய விரல்களில் இடுக்கி நிற்கவில்லை. இரண்டு முறை தவறவிட்டான். மூன்றாம் முறை சிவப்பாக ஒன்றைத் தூக்கினான்.

"இந்தா, வீட்டுக்காரன். ஒண்ணு."

புழு அக்கா தன் தட்டிலிருந்து நிமிரவில்லை. "தலை எங்க?"

அவன் துண்டை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"இல்ல."

"அப்போ அந்த ஜாடியில போடு."

துண்டை ஜாடியில் போட்டுவிட்டு, இடுக்கியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, மறுபடி குனிந்தான்.